புரொபசர் லீவு... பர்ஸ் என்ன ஆகும்?

உங்களுக்குப் பிடிச்ச புரொபசரை ஒரு வருஷமா கேம்பஸ்ல காணோம். 'ரிசைன் பண்ணிட்டாரா?'னு கேன்டீன்ல ஒரே பேச்சு. ஆபீஸ்ல விசாரிச்சா, 'சபாட்டிகல் லீவுல இருக்கார்'னு பதில் வருது. அதென்ன லீவு? அந்த ஒரு வருஷம் சம்பளம், இன்க்ரிமென்ட், பென்ஷன் எல்லாம் என்ன ஆகும்? நாளைக்கு நீங்களும் லெக்சரர் ஆகணும்னு நினைச்சா, இதெல்லாம் இப்பவே தெரிஞ்சு வெச்சுக்கோங்க!

ஏழு வருஷ உழைப்புக்கு...

'சபாத்'ங்கிற ஹீப்ரு சொல்லிலிருந்து வந்த வார்த்தை இது. ஏழாவது நாள் ஓய்வு மாதிரி, ஏழு வருஷ உழைப்புக்குப் பிறகு ஒரு இடைவெளி. யு.ஜி.சி. 2018-ல் வெளியிட்ட விதிமுறைகளும் அதே ஏழைத்தான் சொல்லுது. அசோசியேட் புரொபசராகவோ புரொபசராகவோ ஏழு வருஷம் முடிச்ச நிரந்தர ஆசிரியர்கள் இதைக் கேட்கலாம். ஒரு தடவைக்கு அதிகபட்சம் ஒரு வருஷம், மொத்த சர்வீஸில் இரண்டு வருஷம்.

சம்பளமும் அலவன்ஸும் முழுசா உண்டு. இன்க்ரிமென்ட் உரிய தேதியில் வந்துடும். லீவு முடிஞ்சு திரும்பி வந்து சேர்ந்தா, அந்தக் காலமும் பென்ஷனுக்கான சர்வீஸில் சேரும். ஃபெல்லோஷிப் வாங்கிக்கலாம். ஆனா, வேற இடத்துல ரெகுலர் வேலையில் சேரக் கூடாது.

இது வேற ஸ்டடி லீவு!

எக்ஸாமுக்கு முன்னாடி நாம வீட்டுல தூங்குற ஸ்டடி லீவு இல்லீங்க இது! வேலையில் சேர்ந்த அசிஸ்டென்ட் புரொபசர், பிஹெச்.டி. மாதிரி மேற்படிப்புக்காக எடுக்குறது. சம்பளத்தோட அதிகபட்சம் மூணு வருஷம் வரை கிடைக்கும். ஸ்காலர்ஷிப் வந்தா, அதைக் கணக்கில் எடுத்துட்டுத்தான் சம்பளத்தை முடிவு பண்ணுவாங்க.

இன்க்ரிமென்ட் விஷயத்தில்தான் வித்தியாசம். ஏழாவது சம்பளக் கமிஷன்படி ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். மூணு வருஷம் கழிச்சு 63,000 வாங்கும்போது ஒருத்தர் ரெண்டு வருஷம் லீவில் போறார்னு வெச்சுக்குவோம். திரும்பி வந்ததும் அவருக்கு 66,800 கிடைக்கும். ஆனா, நடுவுல விட்டுப்போன இன்க்ரிமென்ட்டுக்கு அரியர்ஸ் கிடையாது. (நம்ம அரியர்ஸ் இல்லீங்க, இது பணம் வர்ற அரியர்ஸ்!)

முக்கியமான கண்டிஷன்: பாண்டு எழுதித் தரணும். திரும்பி வந்து குறைஞ்சது மூணு வருஷம் அங்கேயே வேலை பார்க்கணும். பாதியில் கழண்டுக்கிட்டா, லீவில் வாங்கின சம்பளத்தைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ரிப்போர்ட்டும் அனுப்பணும். லேட் ஆனா சம்பளமும் லேட்!

சம்பளமே இல்லாத லீவு

மூணாவது வகை, அசாதாரண விடுப்பு. சம்பளம், அலவன்ஸ் ரெண்டுமே கிடையாது. சம்பளத்துல இத்தனை சதவீதம்னு பிடிக்கிற ஓய்வூதிய சந்தாவும் நின்னுடும். பொதுவா இன்க்ரிமென்ட்டுக்கும் கணக்கில் வராது. ஆனா, மெடிக்கல் சர்ட்டிபிகேட்டோட எடுத்தாலோ, மேற்படிப்புக்குன்னு எடுத்தாலோ இன்க்ரிமென்ட் தப்பிச்சுடும். அதனால, அப்ளிகேஷன்ல என்ன காரணம் எழுதறோம்ங்கிறது ரொம்ப முக்கியம்.

கையெழுத்துக்கு முன்னாடி...

* இதெல்லாம் யு.ஜி.சி. விதிகளைப் பின்பற்றுற இடங்களுக்குத்தான். தனியார் கல்லூரியில் சேர்ந்தா, அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் லீவு பத்தி என்ன இருக்குன்னு வரி விடாம படிங்க.

* 'பார்த்துக்கலாம் சார்'ங்கிற வாய்வார்த்தையை நம்பாதீங்க. எழுத்துல வாங்குங்க.

* சர்வீஸ் எதுவரை கணக்கு, பாண்டு எத்தனை வருஷம், ஸ்காலர்ஷிப் வந்தா எவ்வளவு கழிப்பாங்க... இந்த மூணையும் லீவுக்கு முன்னாடியே கேளுங்க.

பிஹெச்.டி. கனவுக்காக வேலையை விட்டுடலாம்னு ராஜினாமா லெட்டர் எழுதறவங்க நிறைய. ஸ்டடி லீவுக்குத் தகுதி இருக்கான்னு பார்க்காம அதை மட்டும் எழுதிடாதீங்க. ராஜினாமா பண்ணினா சர்வீஸ் அங்கேயே நின்னுடும். லீவில் போனா அது கூடவே வரும்!