பழைய லாரியின் துருப்பிடித்த தளமும் தகடுகளும்: செப்பனிடும் முறை

நெசவாளர் சங்கமாயினும் விவசாயிகள் சங்கமாயினும், சொந்த லாரி வைத்திருக்கும் சங்கத்திற்கு அதுவே கையும் காலுமாகும். நூற்பாலையிலிருந்து நூல் சிப்பங்களைக் கொண்டுவருவதும், நெய்த துணியை விற்பனை நிலையத்திற்கு அனுப்புவதும், பருவகாலத்தில் உர மூட்டைகளை ஊர் ஊராகச் சேர்ப்பிப்பதும், அறுவடையானபின் விளைபொருளை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்கு எடுத்துச் செல்வதும் அதன் வேலைகள். எஞ்சினில் சிறிது ஓசை மாறினாலும் மெக்கானிக்கை அழைக்கிறோம். டயர் தேய்ந்தால் மாற்றுகிறோம். ஆனால் ஓட்டுநரின் காலடித் தளமும், கதவின் அடிப்பகுதியும், சுமை ஏற்றும் தளமும் துருவினால் மெல்ல மெல்ல அரிக்கப்பட்டு வருவதைக் கவனிப்பதில்லை. ஓட்டை கண்ணில் பட்டபின் ஒரு தகட்டை அதன்மேல் வைத்து, பட்டி பூசி, வர்ணம் அடித்துவிட்டுக் காரியம் முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். ஓரிரு மழைக்காலங்களுக்குள் துரு அதே இடத்தில் மீண்டும் தலைகாட்டுகிறது. இவ்விஷயத்தை அங்கத்தினர்களும் நிர்வாகக் குழுவினரும் அறிந்திருப்பது நலம் எனக் கருதி, விவரமாக எழுத முற்படுகிறோம்.

துருவால் விளையும் நஷ்டங்கள்

முதலாவது, ஓட்டுநரின் உயிர். பிரேக், கிளச் மிதிகளைத் தாங்கும் பகுதியும் ஆசனத்தைப் பிடித்திருக்கும் போல்டுகளும் கேபின் தளத்தையொட்டியே அமைந்துள்ளன. தளம் நலிந்தால் இவை ஆட்டங்காணும். தளத்தின் ஓட்டைகள் வழியாக எஞ்சின் புகை உள்ளே புகுவதும் உண்டு. அப்புகையில் கலந்துள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை; இரவுப் பயணத்தில் ஓட்டுநருக்குத் தலைவலியையும் மயக்கத்தையும் உண்டாக்கக்கூடியது.

இரண்டாவது, சரக்கு. சுமைத் தளத்தின் ஓட்டை வழியே சக்கரம் வாரியிறைக்கும் சேற்றுநீர் சிப்பத்தின் அடியை நனைக்கும். துரு கலந்த நீர் நூலில் பட்டால் இரும்புக்கறை படியும். சாதாரணச் சலவைக்கு அது போகாது. கறை மட்டுமே கேடு என்று எண்ணலாகாது. அந்நூல் ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு வெளுக்கப்படுமாயின், இரும்பு உள்ள இடத்தில் வினை அளவுக்கு மிஞ்சி நடந்து, இழை நலிந்து, துணியில் ஊசித்துளை போன்ற ஓட்டைகள் விழும். தறியில் உழைத்தவரின் கூலி அங்கே வீணாகிறது.

மூன்றாவது, சங்கத்தின் பணம். எட்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட போக்குவரத்து வாகனங்கள் ஆண்டுதோறும் தகுதிச் சான்றைப் புதுப்பிக்க வேண்டியவை. மோசமாக அரிக்கப்பட்ட வாகனம் அச்சோதனையில் தவறினால், அதன்பின் வாடகை லாரியை நம்பியே காலந்தள்ள நேரிடும்.

துரு உண்டாகும் விதம்

இரும்பு, நீர், காற்றிலுள்ள பிராணவாயு ஆகிய மூன்றும் ஒருங்கு சேர்ந்தால் துரு உண்டாகும். நீரோ காற்றோ இரண்டில் ஒன்றைத் தடுத்துவிட்டால் துரு இல்லை. இதுவே செப்பனிடும் வேலை முழுவதற்கும் அடிப்படையாகும். துருவானது இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வது, நுண்துளைகள் நிறைந்தது. ஆகையால் அது தன்மேல் பூசிய வர்ணத்தை உயர்த்திப் பெயர்க்கிறது. ஈரத்தைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு அடியிலுள்ள நல்ல இரும்பையும் தின்னத் தொடங்குகிறது.

உப்பு இவ்வினையைத் துரிதப்படுத்தும். கடற்கரை ஊர்களில் ஓடும் லாரிகளும், தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களில் சுமை ஏற்றும் லாரிகளும் விரைவில் அரிக்கப்படுவது இதனாலேயே. உழவர்கள் உணரவேண்டியது யாதெனில், நாம் ஏற்றும் உரங்களும் உப்பு இனத்தைச் சேர்ந்தவையே. அம்மோனியம் சல்பேட்டும் பொட்டாஷும் மூட்டையிலிருந்து சிந்தித் தளத்தின் இடுக்குகளில் தங்கி, ஈரக்காற்றில் கசிந்து, மழை இல்லாத நாளிலும் இரும்பை நனைத்துக்கொண்டிருக்கும்.

துரு ஒளிந்திருக்கும் இடங்கள்

நம் நாட்டில் நெடுங்காலமாக லாரித் தொழிற்சாலைகள் சேசிஸை மட்டும் விற்க, பாடியை உள்ளூர்ப் பட்டறைகளே கட்டி வந்தன. நாமக்கல் போன்ற ஊர்கள் இத்தொழிலுக்குப் பேர்பெற்றவை. அவ்வாறு கட்டப்பட்ட பழைய கேபின்களில் மரச்சட்டத்தின்மேல் இரும்புத் தகட்டை ஆணியால் அறைந்திருப்பார்கள். மரம் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வதால், தகடு உட்புறத்திலிருந்தே துருப்பிடிக்கிறது. வெளியே வர்ணத்தில் ஒரு சிறு கொப்புளம் தோன்றும்போது உள்ளே உள்ளங்கை அகலம் அரிக்கப்பட்டிருக்கும்.

ஆகவே கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது. மிதியடி விரிப்பை முழுவதும் நீக்கிவிட்டு, சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். நலிந்த தகடு மந்தமாக ஒலிக்கும். ஐயமுள்ள இடத்தில் குத்தூசியால் அழுத்தினால் அதன் நிலை தெரிந்துவிடும். ஓட்டுநர் காலடி, கதவின் கீழ்விளிம்பு, படி, மட்கார்டின் உட்புறம், பாட்டரிப் பெட்டியின் அடி, சுமைத் தளத்தின் நான்கு மூலைகள், பின்கதவின் கீல் ஆகியவற்றைத் தவறாது சோதிக்க வேண்டும்.

கேபின் தளம் நனைந்திருப்பின் நீர் வரும் வழியை முதலில் கண்டறிக. பெரும்பாலும் முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் வெடித்து, அதன் வழியே மழைநீர் இறங்கியிருக்கும். ரப்பரை மாற்றாமல் தளத்தை மாற்றுவது, ஒழுகும் கூரையின்கீழ் புதுப்பாய் விரிப்பதற்கு ஒப்பாகும்.

செப்பனிடத் தக்கதா?

தகடும் தளமும் மாற்றக்கூடியவை. சேசிஸ் சட்டம் அத்தகையதன்று. சட்டத்தில் துரு ஆழமாக இறங்கியிருந்தாலோ, வெடிப்புத் தென்பட்டாலோ, சாதாரணப் பட்டறையில் ஒட்டுப் போட்டு ஓட்டுதல் கூடாது. சட்டத்தின் மேல் கீழ் விளிம்புகளில் துளையிடுவதும் வெல்டிங் செய்வதும் அதன் வலுவைக் குறைக்கும். உற்பத்தியாளரின் முறைகளை அறிந்த தொழில்நுட்பர் பார்த்துச் சொன்ன பின்னரே முடிவுக்கு வரவேண்டும். சட்டம் நன்றாக இருந்தால் மற்றவற்றைச் செப்பனிடுவது தகும். சட்டம் கெட்டிருந்தால் தகட்டுக்குச் செலவிடும் பணம் விழலுக்கு இறைத்த நீரே.

வேலை தொடங்குமுன்

பாட்டரியின் இரு முனைகளையும், ஆல்டர்னேட்டரின் இணைப்பையும் கழற்றிவிட வேண்டும். அருகில் வேலை நடக்குமாயின் டீசல் டாங்கியை அகற்றிவிடுதல் அவசியம். காலி டாங்கி என்று அலட்சியம் செய்யலாகாது. அதில் தங்கிய ஆவி தீப்பொறி பட்டால் வெடிக்கக்கூடும். பஞ்சும் நூலும் ஏற்றிய லாரியில் தளத்தின் இடுக்குகளில் பஞ்சுத் தூசு சேர்ந்திருக்கும். அது உடனே கொழுந்துவிட்டு எரியாமலும் இருக்கலாம். உள்ளேயே கனன்று, ஆட்கள் வீடு சென்றபின் மரச்சட்டத்தைப் பற்றக்கூடும். எனவே தூசை முழுவதும் நீக்கி, வாளியில் நீர் வைத்துக்கொண்டு, வெல்டிங் முடிந்தபின் ஒரு மணி நேரமாவது ஒருவர் காவல் இருப்பது நலம்.

பாட்டரிப் பெட்டியின் அடியில் அமிலம் சிந்தியிருந்தால், சலவைச் சோடாவை நீரில் கரைத்து ஊற்றி, நுரை அடங்கியபின் கழுவ வேண்டும். உரம் ஏற்றிய தளத்தையும் நன்னீரால் கழுவிக் காயவிட வேண்டும். உப்பு ஒட்டியிருக்கும் இரும்பின்மேல் எந்த வர்ணமும் நிலைக்காது.

வெட்டுதலும் ஒட்டுப் போடுதலும்

கிழிந்த துணிக்கு ஒட்டுப் போடுகிறவர் நைந்த இடத்தில் தையல் ஓட்டமாட்டார். நைந்த பகுதிக்கு அப்பால் உள்ள நல்ல இழையிலேயே ஊசியை ஏற்றுவார். தகட்டு வேலைக்கும் அதுவே விதி. துரு கண்ணுக்குத் தெரியும் எல்லையிலிருந்து சுற்றிலும் ஓர் அங்குலமாவது தள்ளி, நல்ல இரும்பில் வெட்ட வேண்டும். மெலிந்த தகட்டில் வெல்டிங் வைத்தால் அது உருகி ஓடுமேயன்றிப் பிடிக்காது. வெட்டிய மூலைகள் கூராக இராமல் வளைவாக இருத்தல் வேண்டும். கூர்மூலையிலிருந்தே வெடிப்புத் தொடங்கும். அட்டையில் அளவு வெட்டிப் பொருத்திப் பார்த்து, அதன்படி புதுத் தகட்டை வெட்டுதல் சிக்கனம்.

தகட்டின் கனம் பழையதற்கு ஒத்திருக்க வேண்டும். கேபினின் வெளித் தகட்டிற்கு 20 கேஜ், அதாவது சுமார் 0.9 மி.மீ.; காலடித் தளத்திற்கு 18 அல்லது 16 கேஜ், அதாவது 1.2 முதல் 1.6 மி.மீ. வரை வழக்கமாகப் பொருந்தும். மெல்லிய தகட்டில் கனத்த தகட்டைச் சேர்த்தால், அதிர்வில் மெல்லியது ஓரத்தில் வெடிக்கும்.

வெளித் தகடுகளை விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பற்றவைப்பது நன்று. தளத்தில் சுமார் 20 மி.மீ. மேற்படிய வைத்துப் பற்றவைக்கலாம்; ஆனால் இரு தகடுகளுக்கும் இடையில் நீர் புகாதபடி மேலும் கீழும் அடைப்புப் பூச்சுப் பூசுதல் வேண்டும். கனமான குச்சியைக் கொண்டு செய்யும் ஆர்க் வெல்டிங் மெல்லிய தகட்டைத் துளைத்துவிடும். காஸ் வெல்டிங்கில் சூடு பரவித் தகடு நெளியும். பட்டறைகளில் கார்பன்-டை-ஆக்சைடு வெல்டிங் என்று சொல்லப்படும் மிக் முறை இவ்வேலைக்கு ஏற்றது. அதிலும் ஒரே ஓட்டமாக இழுக்காமல், முதலில் ஓர் அங்குலம் அல்லது ஒன்றரை அங்குல இடைவெளியில் புள்ளி புள்ளியாகப் பிடிக்க வேண்டும். இங்கு ஒன்று, எதிர்ப்புறம் ஒன்று என்று மாற்றி மாற்றி வைத்து, ஆறவிட்டு, பிறகு இடைவெளியை நிரப்புதல் வேண்டும். அவசரப்பட்டால் கதவு நெளிந்து பூட்டே சேராமற் போகும்.

நாகம் பூசிய தகட்டை உபயோகிப்பின், பற்றவைக்கும் இடத்தில் பூச்சைச் சுரண்டிவிட வேண்டும். நாகத்தின் புகையை உட்கொண்ட தொழிலாளிக்கு அன்று மாலையே குளிரும் காய்ச்சலும் வரக்கூடும். காற்றோட்டமான இடமும் முகமூடியும் இன்றியமையாதவை.

கடுக்காய் கற்பிக்கும் பாடம்

வெட்டாமல் விட்ட நல்ல இரும்பிலும் சிறு குழிகளில் துரு எஞ்சியிருக்கும். கம்பி பிரஷாலும் உப்புத்தாளாலும் இயன்றவரை தேய்த்தபின், எஞ்சியதை ரசாயன முறையில் அடக்க வேண்டும். இதற்கென விற்கப்படும் திரவங்களில் பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ அடங்கியிருக்கும். பின்னது நம் சாயக்காரர்கள் தலைமுறைகளாக அறிந்ததே. கலம்காரித் துணியைக் கடுக்காய் நீரில் தோய்த்து, இரும்புத் துண்டுகளை வெல்லத்துடன் ஊறவைத்த நீரால் எழுதினால் கோடு கருமையாகிறது. கடுக்காயிலுள்ள துவர்ப்பொருள் இரும்புடன் கூடிக் கறுத்த, நீரில் எளிதில் கரையாத பொருளாவதே காரணம். துருவின்மேல் டானிக் அமிலம் பட்டதும் தகடு கறுப்பதும் அதே வினையால்தான். ஆயினும் இது மெல்லிய துருவுக்கு மட்டுமே மருந்து. அடுக்கடுக்காக உரியும் துருவின் மேற்புறத்தை மட்டும் இது கறுக்கச் செய்யும். அடியில் அரிப்பு தொடரும்.

வர்ணமும் பாதுகாப்பும்

தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்பை இரவு முழுவதும் திறந்து வைத்தல் கூடாது. அன்றே ரெட் ஆக்சைடு அல்லது, அதனினும் சிறந்ததான, ஜிங்க் பாஸ்பேட் ப்ரைமர் பூசிவிட வேண்டும். பழைய ஜிங்க் குரோமேட் புற்றுநோய்க்கு ஏதுவானது என்பதால் அதனைத் தவிர்க்கவும். இணைப்புகளை அடைத்தபின் மேல்வர்ணம் அடிக்கலாம். பட்டி மேடுபள்ளத்தைச் சமன்செய்ய மட்டும் உரியது. ஓட்டையை அடைக்க அன்று. அது ஈரத்தை உறிஞ்சும் பொருள்.

துருவின்மேல் நேராகத் தார் பூசுவதும் பெருந்தவறு. தார் வெளியிலிருந்து நீரைத் தடுப்பதுபோல் தோன்றினாலும், வெடித்த இடத்தில் புகுந்த நீரை வெளியே விடாது. கழிவு எண்ணெய் பூசும் வழக்கமும் சிலரிடம் உண்டு. அது ரப்பரைக் கெடுக்கும், மண்ணை மாசுபடுத்தும், துணியில் கறையாகும். கதவின் அடியிலுள்ள சிறு வடிகால் துளைகளை வர்ணத்தாலோ பட்டியாலோ மூடிவிடாதபடி பார்த்துக்கொள்வதும் முக்கியம்.

சுமைத் தளத்திற்கு 3 மி.மீ. இரும்புத் தகடு உழைக்கும். எடை குறைய வேண்டி அலுமினியத் தகடு விரிப்போர், அது இரும்புச் சட்டத்தை நேராகத் தொடாதபடி இடையில் ரப்பர் வைக்க வேண்டும். இரு உலோகங்களும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டால் அலுமினியம் அரிக்கப்படும்.

நிர்வாகக் குழுவின் கடமை

துரு வேலையில் நல்லதும் பொல்லாததும் வர்ணம் அடித்தபின் ஒன்றுபோலவே தோன்றும். ஆதலால் வெட்டவேண்டிய பகுதிகளைச் சுண்ணக்கட்டியால் குறித்து, தகட்டின் கனம், ப்ரைமரின் வகை ஆகியவற்றை எழுத்தில் வாங்கிய பின்னரே வேலையை ஒப்படைக்க வேண்டும். வெட்டியபின் ஒருமுறை, பற்றவைத்தபின் ப்ரைமருக்கு முன் ஒருமுறை எனக் குழு உறுப்பினர் ஒருவர் ஓட்டுநருடன் சென்று பார்வையிடுதல் வேண்டும். வர்ணம் உலர்ந்தபின் பார்வையிடச் செல்வோர் வர்ணத்தைத்தான் பார்ப்பர், வேலையை அல்ல. மேற்படி வேலையைச் சித்திரை முதல் ஆவணிக்குள், மழையற்ற நாட்களில் முடித்துவிடுவது நன்று. ஐப்பசி அடைமழையில் பூசும் வர்ணம் பிடிப்பதில்லை.

அதன்பின் பராமரிப்பு எளிது. உரம் இறக்கிய அன்றே தளத்தைக் கூட்டிக் கழுவுதல், நூல் ஏற்றுமுன் தளம் உலர்ந்துள்ளதா எனப் பார்த்துத் தார்ப்பாய் விரித்தல், மாதம் ஒருமுறை மிதியடி விரிப்பைத் தூக்கிப் பார்த்தல், கல் பட்டுப் பெயர்ந்த வர்ணத்தை உடனே தொட்டுப் பூசுதல் ஆகிய இவை போதும். இவற்றை ஓட்டுநர் ஒருவரின் பொறுப்பென்று விட்டுவிடாமல், சங்கப் பதிவேட்டில் நாளிட்டு எழுதிவருதல் நலம். லாரி சங்கத்தின் சொத்து. அதன் ஒவ்வொரு தகட்டிலும் அங்கத்தினர்களின் பங்குத்தொகை அடங்கியுள்ளது. எதிர்வரும் மழைக்கு முன் ஒவ்வொரு சங்கமும் தன் லாரியின் விரிப்பைத் தூக்கிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.