சில்லிற் குறைத்த பாரம்

நனைந்த சப்பாத்துடன் ஒரு மைல் தூரம் நடந்து பார்த்தவர்களுக்கு ஓர் உண்மை சொல்லாமலே விளங்கும். முதுகிற் சுமக்கும் இரண்டு றாத்தலை நாம் பொருட்படுத்துவதில்லை. காலிற் சுமக்கும் இரண்டு றாத்தலோ விரைவில் நம்மைக் களைக்கச் செய்துவிடும். முதுகுச் சுமை உடம்போடு சேர்ந்து நகர்கிறது. சப்பாத்தையோ அடிக்கு அடி தூக்கி, முன்னே வீசி, மீண்டும் நிலத்தில் ஊன்ற வேண்டியிருக்கிறது. பந்தயத் திடலில் ஓடும் மோட்டார் காருக்கும் இதே தொல்லை உண்டு. அதற்குச் சப்பாத்து, அதன் சில்லு.

நம் முன்னோர் மாட்டு வண்டிக்கு வில் வைத்து அதனை வில்வண்டி என்றனர். மோட்டார் காரும் ஒரு வில்வண்டியே. எஞ்சின், இருக்கை, சாரதி ஆகிய யாவும் வில்லின் மேலே அமர்ந்திருக்கின்றன. சில்லு, ரயர், பிறேக், அச்சின் முனை என்பன வில்லின் கீழே உள்ளன. பாதையில் ஒரு மேடு வந்ததும் கீழேயுள்ளவை மேலெழுகின்றன. அவற்றை மீண்டும் பாதையோடு அழுத்துவது வில்லின் வேலை. சில்லு பாரமாயின் அது எழுந்த வேகத்தில் மேலே போய்விடும். வில்லினால் அதனை உடனே இறக்க முடியாது. மணிக்கு 180 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் கார் ஒரு வினாடியில் 50 மீற்றர் செல்கிறது. வினாடியின் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் சில்லு அந்தரத்தில் நின்றாலும், அக்கார் ஒரு மீற்றர் தூரத்தை அந்தச் சில்லின் பிடியின்றியே கடக்கிறது. வளைவொன்றில் இது நேர்ந்தால் என்னவாகும் என்று நாம் விவரிக்க வேண்டியதில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. காரின் உடம்பிலுள்ள இரும்புத் துண்டு முன்னோக்கி நகர்கிறது, அவ்வளவே. சில்லின் விளிம்பிலுள்ள துண்டோ முன்னோக்கி நகர்வதுடன் சுழலவும் வேண்டும். ஆகவே வேகங் கூட்டும்போது எஞ்சின் அதற்கு இரட்டிப்புச் சக்தியைக் கொடுக்கிறது. வேகங் குறைக்கும்போது பிறேக் அந்த இரட்டிப்பையும் திரும்பப் பெற வேண்டியிருக்கிறது. பௌதிகம் பயிலும் மாணவர்கள் இதனைத் தாமே கணித்துப் பார்க்கலாம். விளிம்பிலுள்ள 1 கிலோ, உடம்பிலுள்ள 2 கிலோவுக்குச் சமம். குடத்தை நெருங்க நெருங்க இந்த வித்தியாசம் குறையும். நான்கு சில்லுகளின் ஓரத்திலிருந்தும் மும்மூன்று கிலோவை எடுத்துவிட்டால் தராசு 12 கிலோ குறைந்ததாகச் சொல்லும். எஞ்சினோ 24 கிலோ குறைந்ததாக உணரும். சைக்கிளுக்குப் பாரமான ரயர் பூட்டி ஓடிய பிள்ளைகள் கணக்கில்லாமலே இதனை அறிவார்கள்!

இந்த இலாபத்தின் மேல் ஆசை கொள்ளாத பந்தயக் கார் வல்லுநர் எவருமில்லை. 1924ஆம் ஆண்டில் புகாட்டி தமது 35ஆம் இலக்கக் காருக்குப் பிறேக் உருளையும் சேர்ந்த அலுமினிய வார்ப்புச் சில்லுகளைப் பூட்டினார். ஆங்கிலேயரான கொலின் சப்மன் 1957இல் தமது லோட்டஸ் காருக்கு மக்னீசிய வார்ப்புச் சில்லுகளைச் செய்தார். உருக்கின் அடர்த்தியில் நான்கில் ஒரு பங்குகூட இல்லாத உலோகம் அது. மெல்லிய தட்டு வளையாதிருக்கும் பொருட்டு அதனை அலையலையாக நெளித்து வார்த்திருந்தார். பார்ப்பதற்கு வேடிக்கையான சில்லு. ஆனால் அந்த நெளிவிலேதான் அதன் பலம் இருந்தது.

சப்மன் மகா கெட்டிக்காரர். பாரத்தை அவர் வெறுத்தது போல வேறெவரும் வெறுத்ததில்லை எனலாம். ஆனால் அவருடைய கார்கள் முறியும் என்ற பேச்சும் கூடவே வளர்ந்தது. 1960 ஜூன் மாதம் பெல்ஜியத்தின் ஸ்பா திடலில், ஸ்டேர்லிங் மொஸ் ஓட்டிய லோட்டஸின் பின்சில்லு பயிற்சியின்போது கழன்று ஓடியது. மொஸ்ஸின் இரு கால்களும் முறிந்தன. 1969 மே மாதம் பார்சலோனாவில் காற்றுத் தகடு முறிந்து விபத்துக்குள்ளான யோஹன் றிண்ட் என்ற சாரதி, பின்னர் சப்மனுக்கு ஒரு கடிதம் எழுதினார். உங்கள் கார்கள் மிக வேகமானவை. நலிந்த பாகங்களைப் பலப்படுத்துவதற்குச் சில றாத்தல்களைக் கூட்டினாலும் நாம் வெல்வோம் என்பது அதன் சாரம். வேலைக்கு அமர்த்தியவருக்கு இப்படி எழுதுவதற்குத் துணிவு வேண்டும்.

அடுத்த ஆண்டு லோட்டஸ் 72 வந்தது. அதில் முன் பிறேக்குகளைச் சில்லிலிருந்து எடுத்துக் காரின் உடம்போடு பொருத்தினார்கள். இது முற்றிலும் புதிய யோசனையன்று. 1954இன் மேர்சிடிஸ் பந்தயக் காரிலும் முன் பிறேக்குகள் உள்ளேதான் இருந்தன. பிறேக் தட்டின் பாரம் வில்லின் மேலே போய்விட்டது, சில்லு இலேசாகியது. ஆயினும் பிறேக் ஓரிடத்திலும் சில்லு வேறிடத்திலும் இருந்தால், இரண்டையும் இணைக்க ஒரு தண்டு வேண்டுமல்லவா? பிறேக்கை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த மெல்லிய தண்டே முறுக்கைத் தாங்குகிறது. அது முறிந்தால் அந்தச் சில்லுக்குப் பிறேக்கே இல்லை; மறுபக்கச் சில்லோ முழுப் பலத்துடன் பிடித்துக்கொள்கிறது.

1970 ஆகஸ்டில் ஒஸ்திரியப் பந்தயத்தில் றிண்டின் கூட்டாளி ஜோன் மைல்ஸ் ஓட்டிய காரில் முன் பிறேக்கின் தண்டு முறிந்தது. அவர் தப்பினார். அதற்குள் றிண்ட் அவ்வாண்டு ஐந்து பந்தயங்களை வென்று, உலக விருதுக்கு முதல்வராய் நின்றார். செப்டெம்பர் 5ஆந் திகதி சனிக்கிழமை, இத்தாலியின் மொன்சா திடலிற் பயிற்சி நடந்தது. அங்குள்ள நீண்ட நேர்ப்பாதைகளில் வேகங் கூட்டுவதற்காகக் காற்றுத் தகடுகளையும் கழற்றியிருந்தனர். பரபோலிக்கா என்னும் வளைவை அணுகி றிண்ட் பிறேக்கை மிதித்தார். வலது முன்சில்லின் பிறேக் தண்டு முறிந்தது. கார் இடப்புறம் பாய்ந்து தடுப்பு வேலியில் மோதியது. அவருக்கு வயது 28.

வேலி ஒழுங்காக அமைக்கப்பட்டிருந்தால் அவர் உயிர் தப்பியிருக்கலாம் என்பதும் விசாரணையில் வெளிப்பட்டது. அது உண்மையாயிருக்கலாம். ஆனால் காரை வேலிவரை கொண்டுபோனது ஒரு தண்டு. அக்டோபர் மாதத்தில் அமெரிக்கப் பந்தயத்தை லோட்டஸின் இளஞ்சாரதி எமர்சன் பிட்டிபால்டி வென்றதும், றிண்டின் புள்ளிகளை எவரும் தாண்ட முடியாதென்பது உறுதியாயிற்று. இறந்த பின் உலக விருது பெற்ற சாரதி இன்றுவரை அவர் ஒருவரே. கிண்ணத்தை அவர் மனைவி நீனா பெற்றுக்கொண்டார்.

இன்று பல நாடுகளிற் சொந்தக் காரைத் திடலுக்குக் கொண்டுபோய் ஓட்டுவது ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. அவர்களுடைய முதற் செலவும் பெரும்பாலும் சில்லிலேயே போகிறது. அடித்து உருவாக்கிய அலுமினியச் சில்லு, நடுப்பாகம் மட்டும் அலுமினியமான பிறேக் தட்டு என்பவை நல்ல கொள்வனவுகள் என்றே நாம் கருதுகிறோம். பழைய மக்னீசியச் சில்லு அப்படியன்று. அது துருப்பிடித்து உள்ளுக்குள் நலிவது. வெளியே பூசிய வர்ணம் அதனை மறைத்துவிடும். சாயநீர் தடவிக் கண்ணுக்குப் புலப்படாத வெடிப்பைக் காட்டும் சோதனை ஒன்று உண்டு. அதனைச் செய்யாமல் ஒரு பழைய சில்லைப் பூட்டுபவரின் பக்கத்து ஆசனத்தில் நாம் ஏற மாட்டோம்.

சப்மனின் ஆசை வேறொரு வழியில் நிறைவேறியது. 1976இல் பிரபாம் குழுவினர் கரியினாலான பிறேக் தட்டுகளைப் பந்தயக் காரிற் பரீட்சித்தனர். அவை இரும்புத் தட்டிலும் மிக இலேசானவை. பாரம் குறைந்ததும், பிறேக்கை உள்ளே கொண்டுபோவதற்கு இருந்த முக்கிய காரணம் அற்றுப்போயிற்று. இன்றைய போர்மியுலா 1 கார்களில் முன் பிறேக்குகள் மீண்டும் சில்லோடே இருக்கின்றன. மொன்சாவில் முறிந்த அந்தத் தண்டு அவற்றில் இல்லை.