பதவியும் அதிகாரமும்: பேராயர் முசொரேவாவின் அரசியல் வாழ்வு

குடியேற்ற ஆட்சி நீங்குங் காலத்தில், பழைய அதிகாரத்துக்கும் புதிய அரசுக்கும் இடையே சில தலைவர்கள் தோன்றி மறைகின்றனர். ‘துரோகிகள்’ என்ற ஒரு சொல்லில் வரலாறு அவர்களைப் பெரும்பாலும் அடக்கிவிடுகின்றது. அச்சொல் கண்டனமாகுமேயன்றி விளக்கமாகாது. றொடீசியாவின் பேராயர் ஏபெல் முசொரேவாவின் அரசியல் வாழ்வை இந்நோக்கிலேயே நாம் இங்கு ஆராய்கிறோம்.

1965இல் இயன் சிமித்தின் வெள்ளையர் அரசு தன்னிச்சையாகச் சுதந்திரப் பிரகடனஞ் செய்தது. 1971இல் அவ்வரசும் பிரித்தானியாவும் செய்துகொண்ட உடன்பாடு, பெரும்பான்மை ஆட்சியைக் காலவரையறையின்றிப் பின்தள்ளியது. அதனை எதிர்க்கவே ஆபிரிக்க தேசியப் பேரவை உருவாயிற்று. என்கோமோ, சிதோலே, முகாபே ஆகியோர் தடுப்புக்காவலில் இருந்தமையால், 1968இல் மெதடிஸ்த பேராயராகியிருந்த முசொரேவா அதன் தலைமையை ஏற்றார். ஆபிரிக்கருட் பெரும்பாலோர் உடன்பாட்டை நிராகரித்தனரென 1972இல் பியர்ஸ் ஆணைக்குழு அறிக்கையிட்டது. அவ்வேளை அவரிடம் பதவி எதுவும் இருக்கவில்லை. மக்களின் மறுப்பே அவரது பலமாயிருந்தது.

1975இல் மொசாம்பிக் விடுதலையடைந்தபின் கெரில்லாப் போர் வலுப்பெற்றது. போராடும் இயக்கங்களை ஒதுக்கிவிட்டு, 1978 மார்ச் 3இல் சிமித், உள்நாட்டிலிருந்த தலைவர்களுடன் ஓர் உடன்படிக்கை செய்தார். முசொரேவாவும் அதிற் கையொப்பமிட்டார். 1979 ஏப்ரல் தேர்தலில் ஆபிரிக்கருக்குரிய 72 ஆசனங்களுள் 51ஐ அவரது கட்சி வென்றது. யூன் 1இல் அவர் பிரதமரானார். ஆயின் 100 ஆசனங்களுள் 28 வெள்ளையருக்கே ஒதுக்கப்பட்டிருந்தன. அரசியலமைப்பின் முக்கிய ஏற்பாடுகளை மாற்ற 78 வாக்குகள் வேண்டியிருந்தன. படை, பொலிசு, நீதித்துறை, நிருவாகம் யாவும் பழைய கைகளிலேயே இருந்தன. அயல்நாடுகள் மீதான தாக்குதல்கள் இப்போது ஓர் ஆபிரிக்கப் பிரதமரின் பெயரால் நடைபெற்றன. அவருக்குப் பதவி கிடைத்தது, அதிகாரம் கிடைக்கவில்லை.

சமாதானத்தை நாடி வாக்களித்தோருக்கு அவர் சமாதானத்தை அளிக்கவியலவில்லை. போரை நடத்துவோரே அதனை முடிக்கவும் வல்லவர் என்பதை மக்கள் உணர்ந்தனர். இலண்டன் லங்காஸ்டர் மாளிகை உடன்படிக்கையின்படி 1980 பெப்ரவரியில் நடைபெற்ற தேர்தலில், 80 ஆசனங்களுள் முகாபேயின் கட்சி 57ஐயும் என்கோமோவின் கட்சி 20ஐயும் பெற்றன. முசொரேவாவுக்கு எஞ்சியவை மூன்றே.

எனினும் இவ்வீழ்ச்சியைத் தனிமனித பலவீனமாக மட்டும் கொள்வது பொருந்தாது. வென்றோரையும் அவ்வுடன்படிக்கை கட்டுப்படுத்தியது. வெள்ளையருக்கு 20 ஆசனங்கள் தொடர்ந்தன. விற்க விரும்புவோரின் நிலத்தையே வாங்கலாம் என்ற ஏற்பாடு பத்தாண்டுகள் நீடித்தது. தீராத நிலப்பிரச்சினை 2000ஆம் ஆண்டிற் பண்ணைக் கைப்பற்றல்களாக வெடித்தது. எனவே, இடைமாறுகால ஆட்சி எதனையும் மதிப்பிடும்போது, ஆட்சிபீடத்தில் அமர்ந்தவர் யார் என்பதோடு நாம் நின்றுவிடலாகாது. படை யாருடைய ஆணைக்குக் கட்டுப்பட்டது, நிலம் யாருடைய கையிலிருந்தது என்பனவே நாம் முதலில் எழுப்பவேண்டிய வினாக்களாகும்.