கன்னத்துக்குள் ஒரு வெள்ளைத் திட்டு

பல்லைக் காட்டப் போனவரின் நாக்கை பல் டாக்டர் காஸ் துணியால் பிடித்து மெல்ல வெளியே இழுத்து, இரு ஓரங்களையும் பார்க்கிறார். கன்னத்தை ஒதுக்கிக் கடைவாய் வரை நோட்டம் விடுகிறார். அண்ணம், நாக்கின் அடி, ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவிலுள்ள பள்ளம் எல்லாம் பார்த்துத் தடவியபின், தாடைக்குக் கீழும் கழுத்திலும் நெறி கட்டியிருக்கிறதா என்று அழுத்திப் பார்க்கிறார். ஊசியும் இல்லை, ஸ்கேனும் இல்லை. சில நிமிடங்களில் முடிகிற இதுதான் வாய்ப்புற்றுநோய்ப் பரிசோதனை.

இவ்வளவு எளிய பரிசோதனை எப்படிப் போதும்? வாயின் உட்தோல்தான் அதற்குக் காரணம். அதன் அடியடுக்கில் செல்கள் ஓயாமல் பிரிந்து மேலே ஏறுகின்றன. மேலடுக்கு உதிர்ந்துகொண்டே இருக்கிறது. சில வாரங்களுக்குள் முழுத் தோலும் புதிதாகிவிடும். நாக்கைக் கடித்துக்கொண்டால் புண் அத்தனை விரைவில் ஆறுவதும் இதனால்தான். இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண்ணை மருத்துவர்கள் சந்தேகத்தோடு பார்ப்பதும் இதனால்தான்.

புகையிலை நாள்தோறும் ஒரே இடத்தில் பட்டால், பிரியும் செல்களின் மரபணுவில் பழுது சேர்கிறது. வெறுங்காலோடு நடப்பவரின் குதிகாலில் காய்ப்பு ஏறுவதுபோல அந்த இடம் தடிக்கிறது. அடியிலுள்ள ரத்தக் குழாய்கள் மறைக்கப்படுவதால் தோல் வெளுத்துத் தெரிகிறது. துடைத்தாலும் போகாத இந்த வெள்ளைத் திட்டுக்கு லூகோபிளேக்கியா என்று பெயர். பெரும்பாலான திட்டுகள் புற்றாவதில்லை. எது ஆகும் என்பதை வெறும் கண்ணால் சொல்லவும் முடியாது. அதற்குத்தான் துளி சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்புகிறார்கள். சிவப்புத் திட்டு அரிது, ஆனால் கொடியது. அங்கே தோல் மெலிந்து ரத்தத்தின் சிவப்பு வெளியே தெரிகிறது. சோதித்தால் பெரும்பாலும் செல்கள் கடுமையாக மாறியிருக்கும், அல்லது புற்றே தொடங்கியிருக்கும்.

இந்தத் திட்டுகள் பெரும்பாலும் வலிப்பதில்லை. எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். வலி வரும் வரை காத்திருப்பவர், எளிதில் குணப்படுத்தக்கூடிய காலத்தைக் கடந்துவிடுகிறார்.

புகையிலை சேர்க்காத பாக்கும் பாதுகாப்பானதல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பாக்கைத் தனியாகவே புற்றுநோய்க் காரணி என்று 2004-ல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்தியது. பாக்கு மெல்பவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் நார்நாராக இறுகிவிடுவதுண்டு. முதலில் காரம் பட்டால் எரியும். பிறகு, மூன்று விரலை நிறுத்தி நுழைக்கும் அளவுக்குத் திறந்த வாய் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகிப்போகும்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூர் அன்று தென் திருவிதாங்கூரில் இருந்தது. அங்கே மருத்துவராக இருந்த ஓர் (Orr) என்பவர், வெற்றிலை போடுவோருக்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி 1933-லேயே லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். பார்த்துக் கண்டுபிடிப்பதால் உயிர் பிழைக்குமா என்ற கேள்விக்குப் பதிலும் அதே வட்டாரத்திலிருந்து வந்தது. 1996-ல் திருவனந்தபுரம் மாவட்டத்தின் 13 பஞ்சாயத்துகளில் ஆய்வாளர் சங்கரநாராயணன் குழுவினர் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினர். அவற்றில் சில பஞ்சாயத்துகளில் டாக்டர்கள் அல்ல, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்களே வீடு வீடாகப் போய், 35 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் வாயைப் பார்த்தார்கள். 2005-ல் முடிவு வெளியானது. புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே, பரிசோதனை நடந்த பஞ்சாயத்துகளில், நடக்காதவற்றைவிட, வாய்ப்புற்று மரணம் 34 சதவீதம் குறைவாக இருந்தது. அந்தப் பழக்கங்கள் இல்லாதவர்களிடம் அப்படிப் பலன் தெரியவில்லை.

ஆகவே "வெற்றிலை போடுவீங்களா, புகையிலை உண்டா?" என்று டாக்டர் கேட்பதும் பரிசோதனையின் ஒரு பகுதியே. வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். எந்தப் பக்கக் கன்னத்தில் அடக்கி வைப்பீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். புற்று பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் தொடங்கும். டாக்டரும் அங்கேதான் கூடுதல் நேரம் பார்ப்பார்.