நிறைவெண்களும் ஆள்கூற்றுத் தளமும்: இலங்கைப் படத்தின் மூலம் ஒரு விளக்கம்

நிறைவெண்கள், ஆள்கூற்றுத் தளம் ஆகிய இரண்டையும் தனித்தனிப் பாடங்களாக மனனம் செய்வோர் பலர். ஆனால் எண் கோடு ஒன்றைக் கிடையாகவும் இன்னொன்றை நிலைக்குத்தாகவும் வரைந்தால் கிடைப்பதே ஆள்கூற்றுத் தளம். பிரான்சிய அறிஞர் தெக்காட்டு 1637இல் வெளியிட்ட நூலிலிருந்து வளர்ந்ததனால் இது தெக்காட்டின் தளம் எனப்படுகின்றது. இதனை நமது நாட்டின் தேசப்படத்தைக் கொண்டே விளங்கிக்கொள்வோம்.

1. உற்பத்தியும் குறிகளும்

1800இல் ஆரம்பிக்கப்பட்ட இலங்கை நில அளவைத் திணைக்களத்தின் படங்களில் மெல்லிய கோடுகளாலான சதுரங்களைக் காணலாம். இக்கோடுகளின் அளவீட்டுக்கு மையமாகக் கொள்ளப்பட்டது நாட்டின் மிக உயர்ந்த மலையாகிய பிதுருதலாகல ஆகும். அம்மையத்தை உற்பத்தி (0, 0) எனக் கொள்வோம். கிழக்கும் வடக்கும் நேர்த் திசைகள். மேற்கும் தெற்கும் மறைத் திசைகள். அப்போது நான்கு நகரங்களின் அண்ணளவான ஆள்கூறுகள், கிலோமீற்றரில், பின்வருமாறு அமையும்.

கல்முனை (115, 46)
யாழ்ப்பாணம் (−84, 295)
கொழும்பு (−102, −7)
அம்பாந்தோட்டை (38, −97)

அவதானியுங்கள்: தளத்தின் நான்கு பகுதிகளிலும் ஒவ்வொரு நகரம் உள்ளது. மறைக் குறி “குறைவான இடம்” என்பதைக் காட்டவில்லை. உற்பத்தியிலிருந்து எத்திசையில் என்பதையே காட்டுகின்றது.

2. எது பெரியது?

−102, −84 ஆகியவற்றுள் பெரியது எது? 102 பெரிய எண் என்பதால் −102 என்று எழுதி புள்ளி இழப்பவர் உண்டு. எண் கோட்டில் வலப்பக்கம் இருப்பதே பெரியது. எனவே −84 > −102. தேசப்படமும் இதனையே கூறுகின்றது: யாழ்ப்பாணம் கொழும்பிலும் பார்க்கச் சற்றுக் கிழக்கே உள்ளது.

3. மறை எண்ணைக் கழித்தல்

கல்முனை கொழும்பிலிருந்து கிழக்குத் திசையில் எவ்வளவு தூரம்?

115 − (−102) = 115 + 102 = 217

“சயவும் சயவும் சேர்ந்தால் சக” என்று ஒப்புவிப்பது போதாது. காரணம் தெரிய வேண்டும். கொழும்பிலிருந்து உற்பத்திக்கு நேரே வர 102 கிலோமீற்றர் கிழக்கே செல்ல வேண்டும். அங்கிருந்து மேலும் 115. இரண்டும் ஒரே திசை, ஆகவே கூட்டுகின்றோம். (இது கிழக்கு மேற்கு இடைவெளி மாத்திரமே. வீதி வழித் தூரம் வேறு.)

4. உற்பத்தியை நகர்த்தினால்?

அளவையாளர் ஒவ்வோர் இடத்துக்கும் மறைக் குறி எழுதினால் தவறு நேர இடமுண்டு. எனவே பழைய படங்களில் இரண்டு ஆள்கூறுகளுடனும் 200 கிலோமீற்றரைக் கூட்டினார்கள்.

கல்முனை (315, 246)
யாழ்ப்பாணம் (116, 495)
கொழும்பு (98, 193)
அம்பாந்தோட்டை (238, 103)

மறை எண் ஒன்றுகூட இல்லை! உற்பத்தி நாட்டுக்கு வெளியே தென்மேற்குக் கடலுக்குப் போய்விட்டது. ஆயினும் கல்முனைக்கும் கொழும்புக்கும் இடையில் 315 − 98 = 217. முன்னர் பெற்ற அதே விடை. 1999ஆம் ஆண்டின் முறையில் 200இற்குப் பதிலாக 500 கூட்டப்படுகின்றது. அப்போது 615 − 398 = 217. உற்பத்தியை நாம் தெரிவு செய்கின்றோம். அது மாறினால் ஆள்கூறுகள் மாறும். இடங்களுக்கு இடையிலான தூரம் மாறாது.

5. பரீட்சையில் கவனிக்க வேண்டியவை

வரிசைப்பட்ட சோடியில் முதலில் எக்ஸ் ஆள்கூறு (கிடை), அடுத்து வை ஆள்கூறு (நிலைக்குத்து). மலையை உற்பத்தியாகக் கொண்ட தளத்தில் கல்முனையை (46, 115) என மாற்றி எழுதினால் அது பொலன்னறுவைப் பக்கம் போய்விடும். (−115, 46) எனக் குறியைத் தவறவிட்டால் மேற்குக் கரையில் மாரவிலைக்கு அப்பால் கடலில் விழுந்துவிடும். வெள்ளம், சூறாவளிக் காலத்தில் உதவி தேவைப்படும் இடத்தை ஆள்கூறுகளால் அறிவிப்பவர் இத்தவறைச் செய்தால் உதவி வேறிடத்துக்குச் சென்றுவிடும் அல்லவா? ஆகவே எழுதி முடித்ததும் வரிசை, குறி ஆகிய இரண்டையும் மீண்டும் ஒரு முறை சரிபாருங்கள்.

பயிற்சி

1. வரிப்பத்தான்சேனை பிதுருதலாகலவுக்குக் கிழக்கேயும் வடக்கேயும் உள்ளது. மலை உற்பத்தியாயின் அதன் ஆள்கூறுகளின் குறிகள் யாவை?
2. அம்பாந்தோட்டையிலிருந்து யாழ்ப்பாணம் வடக்குத் திசையில் எவ்வளவு தூரம்? இரண்டு முறைகளிலும் காண்க.
3. கொழும்பை உற்பத்தியாகக் கொண்டால் கல்முனையின் ஆள்கூறுகள் யாவை?

விடைகள்

1. இரண்டும் நேர்.
2. 295 − (−97) = 392; 495 − 103 = 392. அதாவது 392 கிலோமீற்றர்.
3. 115 − (−102) = 217; 46 − (−7) = 53. எனவே (217, 53).

மூன்றாம் வினாவைப் போன்று உங்கள் பாடசாலையை உற்பத்தியாகக் கொண்டு, வீடு, கடை, குளம் ஆகியவற்றின் ஆள்கூறுகளைச் சதுரக்கோட்டுத் தாளில் குறித்துப் பாருங்கள். குறிகள் தாமாகவே விளங்கும்.