பெரிய டயர் போட்ட பிக்கப்: டீசல் எங்கே போகிறது?

சேற்றுப் பாதையில் சிக்காமல் இருக்க, உங்கள் ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்புக்குப் பெரிய டயர் மாட்டியிருக்கிறீர்களா? மைலேஜ் விழுந்துவிட்டது என்று மெக்கானிக்கிடம் ஓடும் முன் கணக்கைச் சரிபாருங்கள். டயரின் விட்டம் 5 சதவீதம் கூடினால், வண்டி 105 கி.மீ. ஓடினாலும் மீட்டர் 100 என்றுதான் காட்டும். டேங்கை முழுதாக நிரப்பி, மறுபடி நிரப்பும்போது மீட்டரில் 400 கி.மீ., பிடித்த டீசல் 40 லிட்டர் என்றால், லிட்டருக்குக் கிடைத்தது 10 அல்ல, 10.5. வேகமும் அப்படித்தான். முள் காட்டுவதைவிடக் கூடுதலாகவே போகிறீர்கள்; கவனம்.

மீதி இழப்பு நிஜம். அகல டயர் உருளவே அதிக விசை கேட்கும். சேற்றுக்காகக் காற்றை இறக்கினால், தார்ச்சாலை ஏறியதும் நிரப்பிவிட வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். டயரின் இரு ஓரமும் தேயும், டீசலும் கரையும். தார்ச்சாலையில் ஃபோர் வீல் லீவரையும் விடுவித்துவிடுங்கள். புழுதிப் பாதை என்றால் ஏர் ஃபில்டரை சர்வீஸ் தேதிக்குக் காத்திராமல் திறந்து பாருங்கள்.

முன்னால் மாட்டிய இரும்பு பம்பர் வெறும் பாரம். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதைத் தடை செய்துவிட்டது. கழற்றினால் எடையும் குறையும், அபராதமும் மிச்சம்.