முட்டைக்குள் ஒரு சாத்தான்

துரைமார் மேஜையில் கிடைத்த பெயர், கேபின்களில் வளர்ந்த ருசி. கொல்கத்தா விருந்துகளில் டிமேர் டெவிலுக்கு இன்றும் தனி மவுசு. அடுப்படியில் நிற்பவர்தான் பாவம்.

மாலை ஆறு மணிக்கு மேல் கொல்கத்தாவில் சாத்தானைத் தின்பது சகஜமான காரியம். வடக்குக் கொல்கத்தாவின் தெருமுனைகளில் பெரிய இரும்பு வாணலியிலிருந்து ஜல்லிக்கரண்டியால் அள்ளப்பட்டு, எண்ணெய் வடிய வடியத் தட்டில் விழும் அந்தப் பழுப்பு உருண்டைக்கு டெவில் என்றே பெயர். வங்காளிகளுக்கு முட்டை என்றால் டிம். ஆகவே டிமேர் டெவில், அதாவது முட்டைச் சாத்தான். கத்தியால் நெடுக்காகப் பிளந்தால் முதலில் நொறுங்குவது பிரெட் தூள் ஓடு. அடுத்து மசாலா உருளைக்கிழங்கு, அதற்குள் முட்டையின் வெள்ளை, அந்தக் குழிக்குள் கொத்துக்கறியோடு பிசைந்த மஞ்சள் கரு. நான்கு அடுக்கு, நான்கு பக்குவம்.

தெருவில் வாங்கினால் அது சாயங்காலப் பலகாரம். வீட்டில் செய்து விருந்தாளிகளுக்கு வைத்தால் கௌரவப் பிரச்சினை. பிறந்த நாளோ, கணவரின் அலுவலக நண்பர்கள் வரும் சனிக்கிழமையோ, தேநீரோடு நாலு மணி நேரம் நீளும் ‘அட்டா’ என்னும் அரட்டைக் கச்சேரியோ, பெரிய சாப்பாட்டுக்கு முன் வரும் முதல் தட்டுதான் சமைத்தவரின் கைத்திறனைச் சொல்லிவிடும். சிங்காடாவை மிட்டாய்க் கடையிலிருந்து வாங்கி வைத்தால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். டெவில் வீட்டில் செய்ததா என்று மட்டும் கட்டாயம் கேட்பார்கள்.

சாத்தானின் பெயர் ஆங்கிலேயர் கொடுத்தது. மிளகு, கடுகு, மிளகாய் போட்டு நாக்கைப் பொசுக்கும்படி செய்த பண்டங்களை 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே அவர்கள் டெவில் என்று சொல்லி வந்தார்கள். நரகத்தின் சூடு என்ற பொருளில். அமெரிக்கர்களின் விருந்து மேஜையிலும் இதே பெயரில் ஒரு முட்டை உண்டு. அது வேகவைத்து இரண்டாக வெட்டி, மஞ்சள் கருவைக் கடுகு விழுதோடும் மயோனைஸோடும் பிசைந்து திரும்ப நிரப்பியது. குளிர்ந்தே வரும், எண்ணெய்ச்சட்டி பக்கமே போகாது. கொல்கத்தா சாத்தான் அதற்கு நேர்மாறு. பொரித்தால்தான் உயிர்.

வடிவத்துக்கு வேறு உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். லக்னோ, டெல்லி, ஹைதராபாத் சமையலறைகளின் நர்கிஸி கோஃப்தா முழு முட்டையைக் கைமாவால் மூடிப் பொரித்துக் குழம்பில் இடுவது. வெட்டினால் வெள்ளைக்கு நடுவே மஞ்சள் தெரியும் அழகுக்காக நர்கிஸ் மலரின் பெயரை வைத்தார்கள். ஆங்கிலேயரின் ஸ்காட்ச் முட்டையும் ஏறக்குறைய இதே உருவம்தான். அதை 1738-இல் கண்டுபிடித்தது தாங்களே என்று லண்டனின் ஃபோர்ட்னம் அண்ட் மேசன் கடை உரிமை கொண்டாடுகிறது. இல்லை, கோஃப்தாதான் கப்பலேறிப் போய் ஸ்காட்ச் முட்டை ஆயிற்று என்று வாதிடுவோரும் உண்டு. வழக்கு தீரவில்லை. தீர வேண்டிய அவசியமும் இல்லை; முட்டையை இறைச்சியால் மூட வேண்டும் என்று ஒரே ஒரு தேசத்துக்குத்தான் தோன்றியிருக்கும் என்பது கொஞ்சம் அதிகப்படியான நம்பிக்கை.

வங்காளத்தில் இந்தப் பண்டம் வீட்டுக்குள் நுழைந்த கதைதான் சுவையானது. ஆசாரமான இந்துக் குடும்பங்களில் கோழிக்கும் கோழி முட்டைக்கும் நீண்ட காலம் இடமில்லை. மீன் தினமும் உண்டு, காளி கோயிலில் பலியிட்ட ஆட்டு இறைச்சி உண்டு, வாத்து முட்டைக்கும் ஆட்சேபம் இல்லை. கோழி மட்டும் தீட்டு. ஆசைப்பட்ட இளைஞர்களுக்காக முற்றத்தில் தனி அடுப்பு மூட்டிச் சமைத்த வீடுகள் உண்டு. விதவைகளின் சமையலறையிலோ மீன், முட்டை மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும்கூட விலக்கு.

வீட்டில் முடியாததை வெளியே சாத்தியமாக்கியவை கேபின்கள். மரத்தடுப்பும் திரைச்சீலையும் கொண்ட சின்னச் சின்ன அறைகள், அதற்குள் ஒரு மேஜை. அப்பாவுக்குத் தெரியாமல் கோழி கட்லெட் தின்ன வந்த கல்லூரி மாணவனுக்கும், பொது இடத்தில் அமர்ந்து சாப்பிடக் கூச்சப்பட்ட பெண்களுக்கும் அந்தத் திரை பெரிய ஆறுதல். காலேஜ் ஸ்ட்ரீட் அருகே 1918-இல் தொடங்கிய தில்குஷா கேபின் கவிராஜி கட்லெட்டுக்குப் புகழ்பெற்றது. கிரீஷ் பார்க் பக்கத்தில் நிரஞ்சன் ஆகார் என்ற சிறிய கடைக்குப் போகிறவர்கள் டிமேர் டெவிலுக்காகவே போகிறார்கள். துரைமார் வீடுகளில் வேலை பார்த்த சிட்டகாங் பகுதியின் மோக் சமையல்காரர்களும் முஸ்லிம் பாவர்ச்சிகளும் பழகிக்கொண்ட சாப், கட்லெட், டெவில் வகையறாக்கள் இப்படித்தான் நகரத்தின் பொதுச் சொத்தாயின. பெயர்களை வங்காளிகள் மாற்றவில்லை, மசாலாவை மாற்றினார்கள். மிளகுத்தூள் இருந்த இடத்தில் சீரகமும் தனியாவும் காய்ந்த மிளகாயும் வறுத்துப் பொடித்த ‘பாஜா மொஷ்லா’ வந்தது. மேஜையில் ஆங்கிலக் கடுகு விழுது இருந்த இடத்தில் மூக்கில் ஏறும் கசுந்தி.

இனி அடுப்படி. ஆறு முட்டைக்குப் பன்னிரண்டு டெவில் என்பது வீட்டுக் கணக்கு. கால் கிலோ ஆட்டுக் கொத்துக்கறி, அரைக் கிலோ உருளைக்கிழங்கு, இரண்டு வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, பச்சை மிளகாய், பாஜா மொஷ்லா, கொஞ்சம் உலர்திராட்சை. மேலே பூச முட்டை, மைதா, பிரெட் தூள். பட்டியல் எளிது. சிரமம் எல்லாம் ஈரத்தில் இருக்கிறது.

எண்ணெயில் இறங்கியதும் வெடித்து, கிழங்கும் கறியும் வாணலியெங்கும் சிதறி, மொட்டை முட்டை மட்டும் மிதக்கும் காட்சியைப் பார்க்காத வங்காளக் குடும்பத்தலைவிகள் குறைவு. காரணம் மந்திரமல்ல. நீர் ஆவியானால் சுமார் 1,700 மடங்கு விரியும். கிழங்கில் தேங்கிய ஈரமோ, முட்டைக்கும் பூச்சுக்கும் இடையே மாட்டிக்கொண்ட காற்றோ சூடானதும் வெளியேற வழி தேடும். ஓட்டில் எங்கே விரிசலோ அங்கே உடைத்துக்கொண்டு போகும். ஆகவே கிழங்கைத் தோலோடு முழுசாக வேகவைக்க வேண்டும். வெட்டி வேகவைத்தால் தண்ணீரைக் குடித்துவிடும். உரித்து மசித்தபின் வெறும் வாணலியில் இரண்டு நிமிடம் புரட்டினால் மிச்ச ஈரமும் போகும். கொல்கத்தா சந்தையில் சந்திரமுகி, ஜோதி என்று இரண்டு ரகக் கிழங்கு உண்டு. விலை கூடினாலும் விருந்தென்றால் சந்திரமுகிதான் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் பலர். அது சீக்கிரம் வெந்து மாவாக உதிரும். கொத்துக்கறியும் அப்படியே. வதக்கி, நீர் முழுதும் வற்றி, எண்ணெய் பிரிந்து, கரண்டியோடு உருண்டு வரவேண்டும்.

முட்டையிலும் கவனிக்க வேண்டிய சங்கதிகள் உண்டு. அன்று இட்ட முட்டை ஆம்லெட்டுக்கு அற்புதம், டெவிலுக்கு ஆகாது. புது முட்டையின் வெள்ளைக்கரு ஓட்டின் உட்சவ்வோடு ஒட்டிக்கொண்டு உரிக்கும்போது பிய்ந்து வரும். நாள் ஆக ஆக உள்ளிருக்கும் கரியமிலவாயு ஓட்டின் நுண்துளைகள் வழியே கசிந்து வெளியேற, வெள்ளையின் காரத்தன்மை கூடி, பிடி தளரும். ஒரு வாரம் ஆன முட்டை வழுவழுவென்று உரிபடும். கொதிக்கும் நீரில் பத்துப் பதினோரு நிமிடம் போதும். வாத்து முட்டை பெரிது, இன்னும் இரண்டு மூன்று நிமிடம் கேட்கும். எடுத்ததும் குளிர்ந்த நீரில் போடவேண்டும். அடுப்பில் மறந்துவிட்டால் மஞ்சளின் இரும்பும் வெள்ளையின் கந்தகமும் சேர்ந்து, கருவைச் சுற்றி ஒரு பச்சை வளையம் கட்டும். உடம்புக்குக் கெடுதி இல்லை. ஆனால் வெட்டிக் காட்டுவதற்காகவே செய்யும் பண்டத்தில் அது கண்ணை உறுத்தும்.

உரித்த முட்டையை நெடுக்காக இரண்டாக்கி, மஞ்சளைத் தனியே எடுத்து, ஆறிய கொத்துக்கறியோடு பிசைந்து, குழியில் குவித்து வைக்கவேண்டும். பாதி முட்டை மறுபடி முழு முட்டைபோல் மேடு தட்டும். வழுக்கும் வெள்ளைமேல் கிழங்கு நேராக ஒட்டாது. துணியால் ஈரம் ஒற்றி, மைதாவில் லேசாகப் புரட்டினால் பிடித்துக்கொள்ளும். உள்ளங்கையில் கிழங்கைத் தட்டி, நடுவில் முட்டையை வைத்து, காற்றுப் போகாமல் மூடி, அடித்த முட்டையில் தோய்த்து, பிரெட் தூளில் உருட்ட வேண்டும். பிறகு இன்னொரு முறை முட்டை, இன்னொரு முறை தூள். சிக்கனம் பார்த்து ஒரே பூச்சோடு நிறுத்துபவர்கள்தான் வாணலியருகே கண்கலங்குகிறார்கள். இனிப்பு பிஸ்கட்டைப் பொடித்துப் போடுவதும் தப்பு. சர்க்கரை சீக்கிரம் கருகும். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் பூச்சு இறுகும்.

பொரிப்பதில் ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். உள்ளே இருப்பது எல்லாமே ஏற்கெனவே வெந்தது. எண்ணெய்க்கு வேலை ஓட்டைச் சிவக்கவைத்து உள்ளே சூடேற்றுவது மட்டும். 170 முதல் 180 டிகிரி சூடு, மூழ்கும் அளவு எண்ணெய், மூன்று நிமிடத்துக்குள் காரியம் முடிந்துவிடும். ஒரு சிட்டிகை பிரெட் தூளைப் போட்டால் உடனே நுரைத்து மேலே வர வேண்டும்; கருகினால் சூடு அதிகம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கால் மணி நேரமாவது வெளியே வைத்திருந்து, ஒரு தடவைக்கு மூன்றுக்கு மேல் போடாதிருப்பது நல்லது. அவசரப்பட்டு ஆறு போட்டால் எண்ணெய் குளிர்ந்து, ஓடு இறுகுவதற்குள் டெவில் எண்ணெயைக் குடிக்கும்.

இந்த மூன்று என்ற எண்ணில்தான் விருந்தின் தகராறு தொடங்குகிறது. டெவிலின் மொறுமொறுப்புக்கு ஆயுள் பத்து நிமிடம். உள்ளிருக்கும் ஆவி மெல்ல வெளியே வந்து ஓட்டை நமுத்துப்போகச் செய்துவிடும். எட்டுப் பேர் கூடத்தில் அமர்ந்து அரசியலும் கால்பந்தும் பேசிக்கொண்டிருக்க, மூன்று மூன்றாகப் பொரித்து அனுப்புவதற்கு ஒருவர் முழுநேரம் அடுப்படியில் நிற்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் அது வீட்டின் பௌதி, அதாவது அண்ணி. அவர் கை மணத்தைப் பாராட்டும் குரல்கள் கூடத்திலிருந்து கேட்கும். அந்த அரட்டையில் அவருக்கு மட்டும் நாற்காலி இருக்காது. கடைசி ஈடு முடிந்து அவர் வரும்போது பேச்சு வேறெங்கோ போயிருக்கும், தட்டில் உடைந்த டெவில் ஒன்று மிச்சமிருக்கும்.

இதற்குச் சாமர்த்தியமான வீடுகள் வழி கண்டுபிடித்திருக்கின்றன. பூச்சுவரை எல்லா வேலையையும் முதல் நாள் இரவே முடித்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவது ஒன்று. (ஃப்ரீஸர் உதவாது. உறைந்து இளகிய வெள்ளைக்கரு ரப்பராகித் தண்ணீர் விடும்.) விருந்தினர் வருமுன் வெளிர்பழுப்பாக ஒருமுறை பொரித்து எடுத்து, வந்தபின் நல்ல சூட்டில் ஒரு நிமிடம் மறுபடி போடுவது இன்னொன்று. இந்த இரண்டாம் ஈடு சுலபம், உடையும் பயம் இல்லை, அண்ணன்கூடச் செய்யலாம். மைக்ரோவேவ் மட்டும் கூடவே கூடாது. ஓடு துணிபோல் தொய்ந்துவிடும். முழு முட்டையை வைத்துச் செய்த டெவிலாக இருந்தால் உள்ளே ஆவி கட்டி, வாயில் வைக்கும் நேரத்தில் வெடிக்கவும் கூடும்.

சுகாதாரமும் கவனிக்க வேண்டியது. வெந்த முட்டையும் கொத்துக்கறியும் அறைச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. வைகாசிப் புழுக்கத்தில் அதுவே அதிகம். கறி வதங்கியதும் பரப்பி ஆறவிட்டு ஃப்ரிட்ஜுக்கு அனுப்பிவிடுவது நல்லது. மரக்கறி விருந்தினர் இருந்தால் அவர்களுடைய பீட்ரூட் ‘வெஜிடபிள் சாப்’ முதலில், புது எண்ணெயில். லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ் வீடுகளுக்கும் படா பஜார் மார்வாரி வீடுகளுக்கும் அழைப்பு அனுப்பும் வங்காளிகள் இதை அறிவார்கள். சாப்பின் பூச்சுக்கும் முட்டை ஆகாது, மைதாக் கரைசல்தான்.

கடைக்காரர்களின் கணக்கு வேறு. பல இடங்களில் டெவிலுக்குள் இருப்பது பாதி முட்டை. கால் முட்டையோடு முடித்துக்கொள்ளும் கடைகளும் உண்டு. மிச்சம் கிழங்கு. வங்காளம் நெடுங்காலம் முட்டைக்கு ஆந்திரத்து லாரிகளை எதிர்பார்த்த மாநிலம். முட்டை விலை ஏறும் வாரங்களில் உருண்டையின் அளவு குறையாது, உள்ளிருக்கும் வெள்ளைதான் மெலியும். தின்பவர் அதைக் கடித்த பிறகே அறிவார். வீட்டு டெவிலுக்கு மரியாதை கூடியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பரிமாறும்போது நீளவாக்கில் வெட்டித்தான் வைக்க வேண்டும். வளையம் வளையமாக நறுக்கிய வெங்காயம், வெள்ளரி, பீட்ரூட் பக்கத்தில், ஒரு கரண்டி கசுந்தி. தக்காளி சாஸ் கேட்கும் குழந்தைகளைப் பெரியவர்கள் மன்னித்துவிடுகிறார்கள். மிஞ்சியதை ஆறவிடாமல் ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் மதியம் வெங்காயமும் தயிரும் போட்ட கெட்டிக் குழம்பைக் கொதிக்கவிட்டு, பரிமாறுவதற்குச் சற்று முன் டெவில்களை அதில் இறக்கி, உள்வரை சூடேறியதும் எடுத்தால் ஏறக்குறைய நர்கிஸி கோஃப்தா. சோற்றுக்கு அருமையாக இருக்கும்.